அடைக்கிற உரிமை

'சேரிக்காரன் வூட்டுக்குப் படலு எதுக்கு?'

பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் இந்தக் கேள்வி வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. கேட்டவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். 'உள்ள இன்னா கெடக்குது அடச்சி வெக்கறதுக்கு?' என்று கூடவே ஒரு சிரிப்பும் வரும். சிரிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதற்குள் ஒரு முழுச் சித்தாந்தம் உட்கார்ந்திருக்கிறது. பொருள் உள்ளவனுக்குத்தான் வேலி. பொருள் இல்லாதவனுக்கு உள்ளே, வெளியே என்ற பிரிவினை தேவையில்லை. அவன் தன் குடிசைக்குள் படுத்திருக்கும்போதும் வெளியில்தான் கிடக்கிறான். யாரும் எப்போதும் அவனைக் கூப்பிடலாம், எட்டிப் பார்க்கலாம், எழுப்பலாம்.

இப்போது இதே கேள்வி வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. காலனி மனையில் நாலு ரீப்பரும் ரெண்டு பனஞ்சட்டமும் வைத்து வாசலுக்கு நாமே ஒரு மரக்கதவு அடித்து மாட்டினால் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்: 'வேலியெல்லாம் புடுங்கணும்னு பேசறீங்க. ஒங்க வாசல்ல நீங்களே ஒண்ணு கட்டறீங்களே பெரியப்பா?' முன்னது திமிரில் கேட்ட கேள்வி. இது நேர்மையில் கேட்கிற கேள்வி. நம்மைத் தடுத்தவை எல்லாம் வேலியாகவும் கதவாகவும் சுவராகவும்தான் நின்றன. தடுக்கப்பட்டவன் தானே ஒரு தடுப்பைக் கட்டலாமா? கட்டினால் அவனுக்கும் தடுத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? இதற்குப் பதில் சொல்லாமல் நாம் கதவு மாட்டிக்கொள்ள முடியாது.

சேரியில் படல் இல்லாமல் போனதற்குக் காரணம் மூங்கிலும் பனைமட்டையும் கிடைக்காதது என்று யாரும் நினைக்க வேண்டாம். பனை இல்லாத வரப்பு இந்தப் பக்கம் கிடையாது. நாலு குறுக்குக் கழியில் மட்டையை வரிசையாக வைத்துக் கட்டி, கிளுவையோ நொச்சியோ நட்ட வேலியின் சந்தில் சாத்தினால் படல். கீல்கூட வேண்டாம். தென்னங்கயிறு வளையம் போதும். அப்புறம் வந்த காலத்தில் பழைய சைக்கிள் டயரை வார் வாராக அறுத்து ஆணி அடித்துக்கொண்டார்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைச் செய்ய விடாமல் தடுத்தது மண். குடிசை நின்ற மண் நம்முடையதாக இல்லை.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் இதைத்தான் சொன்னார். குடியிருக்கிற மனை மிராசுதாருடையது என்று சொல்லப்படுவதால், வேலையை விட்டுப் போக நினைக்கிறவனை வீட்டை விட்டே துரத்திவிட முடிகிறது. கூலிக்கும் குடிசைக்கும் ஒரே கயிறு. அதன்பிறகு 1892இல் வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. ஆனால் அது ஆங்கிலேயர் சீமை உத்தரவு. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தன. இந்தப் பக்கத்து நிலவரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு கொடி, அடுத்த வாய்க்காலைத் தாண்டினால் மறுபடியும் பழைய கொடி. கொடிதான் மாறியது, இரண்டு பக்கமும் சேரி ஒன்றுதான். 1881இல் பிரெஞ்சு அரசு ரெனோன்சான் ஆவதற்கு வழி செய்தது. சொந்த வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடைத்தது. சேரிகளிலிருந்தும் பலர் எழுதிக்கொடுத்தார்கள். பெயர் வந்தது. மனை வரவில்லை.

மனை வந்தது பிரெஞ்சுக்காரன் போய், 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்து, பத்து வருஷத்துக்கும் மேலே ஆனபிறகு. குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அந்த மண்ணை உரிமையாக்கும் புதுச்சேரிச் சட்டம் 1973இல்தான் நிறைவேறியது. ஊர்த்தெருவில் தாத்தா காலத்துத் தேக்குக் கதவு குடுமியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, நமக்கு இது என் மண் என்று சொல்லிக் குழி தோண்டிக் கால் நடுகிற உரிமைக்கு வயசு ஐம்பத்துச் சொச்சம்.

அதற்கு முந்தைய விடியற்காலைகளைப் பற்றி எங்கள் ஆயா சொல்லும். கோழி கூவுவதற்கு முன்னால் ஆண்டையின் ஆள் வந்து நிற்பான். தெருவில் நின்று கூப்பிட மாட்டான், வாசலுக்கு வந்துவிடுவான். தடுக்கிற படல் இல்லை. 'யாரது' என்று கேட்கிற வழக்கம் இல்லை. தடியால் கூரையைத் தட்டினால் உள்ளே படுத்திருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். 'தோ வந்துட்டேன் ஆண்டே' என்பதுதான் அன்றைய நாளின் முதல் பேச்சு. 'சீல சரியா இருக்குதா இல்லியான்னு பாத்துக்கறதுக்குக்கூட நேரம் குடுக்க மாட்டான்' என்று ஆயா சொல்லும். கூலி, அடி, பட்டினி எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லுகிற ஆயா, இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தும். அடிபட்டதைவிட அது பெரிய அவமானமாக அதன் மனசில் இருந்தது. வெளியே இருந்து வருகிறவன் கேட்டுவிட்டு உள்ளே வர வேண்டிய இடம் ஒன்றுகூட ஒரு மனுஷிக்கு இந்த உலகத்தில் இல்லை என்றால், அவள் உடம்பும் அப்படித்தான் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றத்தின் விளைவுகளைச் சேரிப் பெண்கள் எல்லாரும் அறிவார்கள்.

ஆகவே படல் பொருளைக் காக்க வந்தது என்கிற எண்ணத்தை முதலில் விட வேண்டும். வெளியே நிற்கிறவனை நின்று கேட்க வைப்பதுதான் படலின் முதல் காரியம். திருட வருகிறவன் படலைத் தாண்டிவிடுவான், ஆடுகூடத் தாண்டும். மனுஷனாக வருகிறவன்தான் நிற்பான். 'அக்கா இருக்கீங்களா?' என்பான். உள்ளே இருப்பவள் 'வாங்க' என்று சொல்லலாம், 'அப்பறம் வாங்க' என்றும் சொல்லலாம். அந்த இரண்டாவது பதிலைச் சொல்ல முடிகிறபோதுதான் முதல் பதிலுக்கு மரியாதை வருகிறது. அடைக்க முடியாதவனால் திறக்கவும் முடியாது. விருந்தோம்பல் என்று தமிழில் எவ்வளவோ பெருமையாகப் பேசுகிறோம். விருந்தை வரவேற்க ஒரு வாசல் வேண்டும் என்பதையும், அந்த வாசல் ஊரில் பாதிப் பேருக்கு இல்லை என்பதையும் பேசியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தனக்கென்று ஒரு வாசல் இல்லாதவன் அடுத்தவர்களின் இரண்டு வாசல்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறான். இது எங்கள் மண்ணிலேயே நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி நகரைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பெரிய முள்வேலி வளர்த்து வைத்திருந்தார்கள். கள்ளியும் முள்மரங்களும் கற்றாழையும் நெருக்கி நட்டு, கோட்டைக்கு வெளியே வெகுதூரம் தள்ளி அரைவட்டமாகப் போன எல்லை வேலி அது. சாலைகள் அதைக் கடக்கிற இடங்களில் காவல் அரண்கள் இருந்தன. வில்லியனூர் சாலையில் ஒன்று, வழுதாவூர் சாலையில் ஒன்று, அரியாங்குப்பம் பக்கம் ஒன்று. 1760 செப்டம்பரில் ஆங்கிலப் படை இந்த வேலியைப் பிடித்தது. கோட்டைக்குள் சோறு தட்டுப்பட்டது. நவம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, நகருக்குள் மிச்சமிருந்த கறுப்புக் குடிகளை வெளியே துரத்தினான். பெரிய வீட்டு வேலைக்காரர்கள் சிலரை மட்டும் வைத்துக்கொண்டான். ஆணும் பெண்ணுமாக 1,400 பேர். அவர்கள் வேலிப் பக்கம் வந்தார்கள். ஆங்கிலேயன் திருப்பி விரட்டினான். கோட்டைப் பக்கம் போனார்கள், பிரெஞ்சுக்காரன் சுட்டான். எட்டு நாள் அந்த வெளியில் புல்லின் வேரைத் தோண்டித் தின்றுகொண்டு கிடந்ததாக அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். கடைசியில் ஆங்கிலேயன் வழி விட்டான். 1761 ஜனவரியில் கோட்டையும் விழுந்தது.

அந்த 1,400 பேரின் சாதி எந்தக் கணக்கிலும் இல்லை. அதை நாம் ஊகித்து எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் அவர்கள் நின்ற இடம் நமக்குத் தெரிந்த இடம். முன்னால் இருக்கிற கதவின் தாழ்ப்பாள் ஒருவன் கையில், பின்னால் இருக்கிற கதவின் தாழ்ப்பாள் இன்னொருவன் கையில். நடுவில் இருக்கிறவன் எந்தப் பக்கமும் 'நான் இங்கே இருப்பவன்' என்று சொல்ல முடியாது.

கடவுள் வீட்டிலும் இதுதான் கதை. 1745இல் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறைக் கிறித்தவர்களைத் தனியாகப் பிரித்து வைத்த சுவர் பற்றித் தகராறு வந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே சாமி என்றால் நடுவில் சுவர் எதற்கு என்று நம்மவர்கள் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சண்டைக்குப் போனார்கள். தடுப்பு இல்லாமல் சாமி கும்பிடத் தெரியாது என்பதுதான் அவர்கள் வழக்கு. இங்கிருந்து தெற்கே ரொம்ப தூரமில்லாத சிதம்பரத்தில் நந்தன் கதை. திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று மெச்சிக்கொள்கிறார்கள். விலகியது பார்ப்பதற்காக, நடப்பதற்கு வழி விடவில்லை. தில்லையில் வாசல் வழியாகப் போக முடியாமல் தீயின் வழியாகப் போக வேண்டியிருந்தது. ஒருவன் உயிரை விடுவது அவனுக்கு வாசலைத் திறந்துவிடுவதைவிட எளிது என்று நினைத்த ஒரு சமூகம் அந்தக் கதையைப் பக்திக் கதையாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னபிறகு அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஊர்க்காரனும் இதையேதானே சொல்கிறான்? எங்கள் கோயில், எங்கள் தெரு, எங்கள் வாசல், நாங்கள் அடைப்போம், உனக்கென்ன என்கிறான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவருக்கும் இதே நியாயம்தான் சொன்னார்கள். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை அரசு இடித்து வழி ஏற்படுத்தியது. உடனே சாதி இந்துக் குடும்பங்கள் பல ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. நாம் நடந்துபோகிற வழி திறந்துவிட்டால், தங்கள் வீடும் வீடாக இருக்காது என்று நினைத்தார்கள்.

இங்கேதான் கோடு போட வேண்டும். என் சமையல், என் படுக்கை, என் பெண்டு பிள்ளைகளின் தூக்கம், என் துக்கம் - இவற்றின் வாசலை நான் அடைக்கலாம். தெரு, குளம், கோயில், சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடம் - இவற்றின் வாசலை எவனும் ஒரு சாதியின் பேரால் அடைக்க முடியாது. முதலாவது ஒருவன் வாழ்க்கை. இரண்டாவது எல்லாருடைய வாழ்க்கை. சாதி செய்கிற மோசடி இந்த இரண்டையும் தலைகீழாக்குவது. பொதுவாக இருக்க வேண்டியதைத் தன் வீடாக்கிக்கொண்டது; நம் வீட்டைப் பொதுவழியாக்கி வைத்தது. கோயிலுக்குத் தாழ்ப்பாள், சேரிக் குடிசைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாம் வீட்டுக்குப் படல் கட்டுவதும் கோயில் கதவைத் திறக்கச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தலைகீழைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு கை.

பொதுவை அடைத்து வைத்திருக்கிறவன் அதைப் பங்கிடுவதைவிடத் தானும் இழக்கத் தயாராக இருக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். 1930 மார்ச் 2ஆம் தேதி நாசிக்கில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் காலாராம் கோயிலை நோக்கிப் போனபோது கோயிலின் எல்லாக் கதவுகளையும் அடைத்தார்கள். நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போவது பற்றிய தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்தது. நாசிக்குக்கும் மேல்பாதிக்கும் நடுவில் 93 வருஷம். நம்மை உள்ளே விடுவதைவிட அம்மனை இருட்டில் வைப்பது மேல் என்று நினைக்கிறார்கள்.

அப்படியானால் நம் வாசலில் நாம் கட்டுகிற கதவு எப்படி இருக்க வேண்டும்? இதைத் தத்துவமாகப் பேசுவதைவிட மரவேலையாகப் பேசுவது சுலபம். ஆசாரி சேரிக்குள் வந்து வேலை செய்த காலம் கிடையாது என்பதால் இதெல்லாம் நம் கைக்குத் தானாகப் படிந்த அறிவு.

காலுக்குப் பனை நல்லது. வெளிப்பக்கத்துக் கறுத்த வைரம்தான் நிற்கும். உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். சவுக்கு மலிவு, இந்தக் கரையோரமெல்லாம் கிடைக்கிறது. ஆனால் மண்ணுக்குள் போகிற பாகத்தைக் கரையான் விடாது. நெருப்பில் வாட்டிக் கருக்கியோ தார் பூசியோ நட வேண்டும். கீல் மாட்டுகிற கால்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது என்பதால் இரண்டடிக்குக் குறையாமல் குழி வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே ஒரு சாய்வுக் கட்டை போடுகிறோமே, அது கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்து மேல்மூலைக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் கதவு தலை தொங்கிவிடும். தொங்குகிற முனையின் பாரத்தைக் கீழே ஊன்றி நிற்கிற மூலை தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊதும், தெரு மண்ணும் சேறாகி மேடு தட்டும். அதனால் தரைக்கும் கதவுக்கும் நாலு விரல், காலுக்கும் கதவுக்கும் அரை விரல் சந்து.

இதுவரைக்கும் மரத்தின் சட்டம். இனி வருவது மனுஷன் முடிவு செய்வது. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? உள்பக்கம். என் கதவு திறந்து தெருவில் போகிறவன் முழங்காலில் இடிக்கக் கூடாது. தெரு எல்லாருடையது, என் கதவு சுற்றுகிற வட்டம் என் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். எவ்வளவு உயரம்? நெஞ்சு உயரம். வெளியே நிற்கிறவன் முகம் எனக்குத் தெரிய வேண்டும், என் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். முகம் தெரியாத உயரத்துக்குப் போனால் அது சுவர். கொண்டி எங்கே? வெளியிலிருந்து கையை நீட்டினாலும் எட்டுகிற இடத்தில். அவசரத்துக்கு ஓடி வருகிறவள் 'அண்ணி' என்று கூப்பிட்டுக்கொண்டே தானே திறக்க முடிய வேண்டும். படல் கேட்கச் சொல்கிறது, சுவர் கேட்கவே வாயில்லாமல் பண்ணுகிறது. வேலியே பயிரை மேய்கிறதா என்று பார்க்க இந்த மூன்று அளவு போதும்.

இந்த அளவுகோலை ஊரின் மேல் மட்டும் வைத்துப் பார்ப்பது பாதி நேர்மை. நம் பக்கமும் வைக்க வேண்டும். படல் வந்த வீட்டில் தாழ்ப்பாள் யார் கையில்? ஆண்டையின் ஆள் உள்ளே வர முடியாதபடி அடைத்த கதவு, வீட்டுப் பெண் வெளியே போக முடியாதபடியும் அடைபட்டால் ஆயாவின் அவமானத்துக்கு நாம் எந்தப் பதிலும் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போகிற பெண்ணை 'எத்தினி மணிக்கி வருவ?' என்று கேட்டுக் கதவை இழுத்துச் சாத்துகிற வீடுகள் நம் தெருவில் உண்டு. அதேபோல, நம் துணியை வெளுத்த புதிரை வண்ணார் நம் படலுக்கு வெளியே நின்றுதான் 'சாமி' என்று கூப்பிட்டுச் சோறு வாங்கினார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த இடத்தில் ஒரு படல் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யாரும் நிரந்தரமாக வெளியிலேயே நிற்க வேண்டியிருக்கிற வாசல் எதுவும் வீட்டு வாசல் ஆகாது. அது ஊர்த்தெருவின் ஒரு கிளை.

மரத்தின் மேல் அதிக நம்பிக்கை வைப்பதும் தவறு. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு சின்னக் குடிசைக்குள் உயிர் பிழைக்க ஒளிந்தார்கள். குடிசையோடு எரித்தார்கள். அந்த வாசலில் எந்த மரம் இருந்திருந்தாலும் அது அவர்களைக் காத்திருக்காது. ஊர்த்தெருவில் இடுப்பளவு கேட்டுக்குக் கிடைக்கிற மரியாதை மரத்தினால் வருவதில்லை. அதைத் தாண்டினால் போலீசு வரும், கோர்ட்டு வரும், சொந்தக்காரன் வருவான் என்று எல்லாருக்கும் தெரியும். நம் படலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? பட்டா நிற்க வேண்டும், சட்டம் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் நிற்க வேண்டும். அது இல்லாதவரைக்கும் தேக்கில் செய்தாலும் அது பனைமட்டைதான். அதனால் கதவு மாட்டியதோடு வேலை முடிந்தது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறவன் கதவையும் இழப்பான்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். கட்டலாம், கட்டத்தான் வேண்டும். நெஞ்சுக்கு மேலே போகாமல், தெருவில் இடிக்காமல், கை எட்டுகிற கொண்டியோடு கட்ட வேண்டும். உள்ளே இருக்கிற பெண்ணின் கையும் வெளியே நிற்கிறவனின் கையும் அதைத் திறக்க முடிய வேண்டும். அப்படிக் கட்டியவன்தான் கோயில் வாசலில் போய் நின்று, இது உன் வீட்டுக் கதவு இல்லை, திற என்று சொல்வதற்கு யோக்கியதை உள்ளவன். வீடு எது, ஊர் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்த்தெருக்காரனுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.